பையை மாட்டும் முன் பின் சக்கரத்தைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை கிளப் சவாரிக்கு ஓடும் அதே ரோடு பைக்கில் (இலேசான சாலைப் பந்தய சைக்கிளில்) சாமான்களை ஏற்றிக்கொண்டு ஐந்து நாள் பயணம் போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் இப்படிக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது பையைத்தான். எத்தனை லிட்டர், மழை தாங்குமா, என்ன நிறம் என்று. பையைக் கடைசியில் பார்த்துக்கொண்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பாரம் ஏறியதும் முதலில் முனகுவது பின் சக்கரம், அடுத்தது கியர். காசையும் நேரத்தையும் இந்த இரண்டுக்கும் முதலில் செலவழியுங்கள்.

சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் இடத்துக்கு வரும் ஸ்போக்ஸ் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தளர்ந்து, மேலே போகையில் மறுபடி இறுகும். 32 மி.மீ. டயர் போட்ட சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.15 மீட்டர். 80 கிலோமீட்டர் ஓட்டினால் ஒவ்வொரு கம்பியும் 37,000 தடவை தளர்ந்து இறுகிவிடுகிறது. கம்பியில் போதிய இழுவிசை இருந்தால் இதனால் கேடில்லை. குறைவாக இருந்து, மேலே பாரமும் சேர்ந்தால், கம்பி முழுவதுமாகத் தொய்ந்துவிடும். சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பின் துளையில் வளைந்து நுழையும் முழங்கைப் பகுதி அசைந்து அசைந்து களைத்து, ஒருநாள் 'டிங்' என்று அறுந்துபோகும். பெரிய பள்ளத்தில் இறங்கி அறுவதைவிட, நல்ல சாலையில் சும்மா போகும்போது இப்படி அறுவதுதான் அதிகம்.

அதனால் கிளம்புவதற்கு முன் பின் சக்கரத்தைச் சோதித்துவிடுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டினால் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் 'டொக்' என்றால் அதுதான் அடுத்து அறப்போவது. கேசட் (பின்னால் உள்ள பற்சக்கர அடுக்கு) இருக்கும் வலப்பக்கக் கம்பிகளில் பொதுவாக 100 முதல் 120 கிலோ வரை இழுவிசை இருக்கும். ரிம்முக்கு ரிம் இந்த எல்லை மாறும், தயாரிப்பாளர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. இடப்பக்கம் அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும், அது இயல்பு. பெண்டு எடுத்து முடித்ததும், இணையாக ஓடும் இரண்டிரண்டு கம்பிகளைக் கைக்குள் சேர்த்து அழுத்திப் பிழிய வேண்டும். கடைகளில் அவசரத்தில் விட்டுப்போகும் வேலை இது. இதைச் செய்யாத சக்கரம் முதல் நாளே மறுபடி கோணிக்கொள்ளும்.

20, 24 கம்பிச் சக்கரங்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அவற்றில் ஒரு கம்பி அறுந்தாலே ரிம் கோணிப்போய் ஃபிரேமில் உரசும். 32 கம்பி போதும். ஆளும் பாரமும் கனமென்றால் 36. வழியில் அறுந்தால், அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, அதன் இருபுறமும் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் இரண்டு கம்பிகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். ரிம் பிரேக் என்றால் பிரேக்கையும் சற்றுத் திறந்துவிட்டு அடுத்த ஊர் வரை மெதுவாகப் போய்விடலாம். வலப்பக்கக் கம்பி மாற்றக் கேசட்டைக் கழற்ற வேண்டியிருக்கும், அதற்கான சிறு கருவியை மறக்காதீர்கள். ஒரே சக்கரத்தில் மூன்றாவது கம்பியும் அறுந்தால், மிச்சமிருப்பவையும் அதே வயதுக்காரர்கள்தான். எல்லாக் கம்பிகளையும் மாற்றிவிடுவதே சிக்கனம்.

அடுத்து கியர். ரோடு பைக்கில் மிக இலேசான கியர் பெரும்பாலும் முன்னால் 34 பல், பின்னால் 28. பெடலை ஒரு சுற்று சுற்றினால் 2.6 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்பது முட்டி தாங்கும் குறைந்தபட்சம் என்று வையுங்கள். அப்போது வேகம் மணிக்கு 9.4 கிலோமீட்டர். ஆள், சைக்கிள், சாமான் எல்லாம் சேர்த்து 100 கிலோ; ஏற்றம் 8 சதவீதம். இதற்குக் கால்கள் தர வேண்டியது சுமார் 220 வாட். கிளப்பில் முன்னால் ஓடுபவரால் முடியும்தான், ஆனால் நான்காவது நாள் மதியம், இரண்டு மணி நேரம் தொடர்ந்து முடியுமா? முன்னால் 30, பின்னால் 34 என்று மாற்றினால் அதே சுழற்சியில் வேகம் 6.8 கிலோமீட்டர், தேவை 160 வாட். மாற்றும் முன், பின் டீரெயிலர் (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் கருவி) எத்தனை பல் வரை ஏற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 28 பல்லுக்கென்று செய்ததில் 34ஐ மாட்டினால், மேல் உருளை கேசட்டில் இடித்துக்கொண்டே இருக்கும்.

கேரியர் விஷயத்தில், அதன் மேல் எத்தனை கிலோ என்று அச்சிட்டிருக்கிறது என்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். முழுப் பாரமும் கடைசியில் நிற்பது கீழே உள்ள இரண்டு 5 மி.மீ. போல்ட்டுகளில். வலப்பக்கத்து போல்ட் நீளம் அதிகமானால் ஃபிரேமின் உட்புறம் நுனி நீட்டிக்கொண்டு, மிகச் சிறிய பற்சக்கரத்துக்குச் செயின் இறங்கும்போது அதில் உரசும். கியர் கோளாறு என்று நினைத்து ஒயரைத் திருகிக்கொண்டே இருப்பார்கள், காரணம் இந்த இரண்டு மில்லிமீட்டர்தான். ஃபிரேமில் துளையே இல்லையென்றால் ரப்பர் வைத்த கிளாம்பு போடலாம், இலேசான பாரத்துக்கு மட்டும். கார்பன் குழாயில் கிளாம்பு வேண்டவே வேண்டாம். கார்பன் சைக்கிள் வைத்திருப்பவர்கள் சீட்டுக்குப் பின்னால் கட்டும் நீளப் பையில் நான்கைந்து கிலோவோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

ரோடு பைக்கில் இன்னொரு சங்கடம் குதிகால். பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து பின் சக்கர அச்சு வரை அதில் 410 மி.மீ. அளவுதான் இருக்கும், பயண சைக்கிளில் 450ஐ ஒட்டி இருக்கும். அந்த நான்கு சென்டிமீட்டர் குறைவதால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் தட்டும். பையைப் பின்னால் தள்ளினால் தட்டாது, ஆனால் பாரம் அச்சுக்குப் பின்னால் போய், ஏற்றத்தில் முன் சக்கரம் மிதக்கும். சிறிய பைகளை வாங்கி, கனமான சிலவற்றை முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இருபுறமும் தாழ்வாகக் கட்டுவதே வழி. பின்னால் 60, முன்னால் 40 சதவீதம் என்ற பங்கீடு பெரும்பாலும் ஒத்துவரும். இட வல வித்தியாசம் அரைக் கிலோவுக்குள் இருக்கட்டும். ஹேண்டில்பார் பையில் இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம்.

பாரம் பின்னால், அதுவும் உயரத்தில் குவிந்தால், இறக்கத்தில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஹேண்டில் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கும். அப்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து அடக்கப் பார்த்தால் ஆட்டம் கூடும். ஒரு முட்டியால் மேல் குழாயை அழுத்தி, சீட்டிலிருந்து உடம்பை இலேசாகத் தூக்கி, பிரேக்கை மெல்லப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். நின்றபின் கூடாரத்தை மேலிருந்து இறக்கிக் கீழே கட்டுங்கள்.

என்ன எடுத்துப் போவது என்பதற்கு இணையத்தில் முடிவில்லாத பட்டியல்கள் கிடக்கின்றன. 1884இல் முன் சக்கரம் 50 அங்குலம் இருந்த சைக்கிளில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய தாமஸ் ஸ்டீவன்ஸ் கொண்டுபோனது காலுறைகள், ஒரு மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவிய மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. துப்பாக்கியை விட்டுவிட்டால் மோசமான பட்டியல் அல்ல. உதிரியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டு, உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி, டீரெயிலர் தொங்கும் ஹேங்கர், ஒரு ஜோடி பிரேக் கட்டை, 5 மி.மீ. போல்ட் நான்கு, முன் சக்கரத்துக்கும் பின்னால் இட வலப் பக்கங்களுக்கும் தனித்தனி நீளத்தில் இரண்டிரண்டு கம்பிகள். கம்பிகளைச் சீட் குழாய்க்குள் நேராக வைத்தால் வளையாமல் இருக்கும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் ஏற்றி, ஒரு நல்ல ஏற்ற இறக்கம் உள்ள வழியில் 30 கிலோமீட்டர் ஓட்டிவிடுங்கள். திரும்பியதும் 4 மி.மீ. ஆலன் கீயோடு கேரியர் போல்ட் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருப்பதைக் கழற்றி, மரைக்கு நீல நிற லாக் பசை ஒரு சொட்டு விட்டு மாட்டுங்கள். சிவப்பு வேண்டாம்; சூடு காட்டாமல் அது வழியில் கழலாது.