ரீபூட் ஆன பிறகும் ஓடுகிறதா? ஆர்எச்சிஎஸ்ஏ எழுதப் போகிறவர்களுக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துத் தம்பி தங்கைகள் ஆர்எச்சிஎஸ்ஏ (ரெட்ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழ்த் தேர்வு) பற்றி என்னிடம் முதலில் கேட்பது "அண்ணே, என்ன கேள்வி வந்துச்சு?" என்றுதான். அதை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தேர்வே எழுத விடுவார்கள், அதனால் அதை விடுங்கள். 3 மணி நேரம், முழுக்கச் செய்முறை, 300க்கு 210 எடுத்தால் பாஸ், செய்து வைத்தது ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் பலருக்கு மார்க் போகிறது. அதற்கு நல்ல பயிற்சி, சொந்தமாக ஒரு ஸ்கிரிப்ட் (கமாண்டுகளை வரிசையாக எழுதிய ஃபைல்) எழுதி அதை பூட் ஆகும்போதே தானாக ஓட வைப்பது.

பூட்டில் ஓட வேண்டியதை எழுதி வைக்கும் பழைய ஃபைலான ஆர்சி.லோக்கலை மறந்துவிடுங்கள். 2014ல் வந்த ரெட்ஹேட் லினக்ஸ் 7லிருந்தே, பூட்டையும் சர்வீஸ்களையும் நடத்துகிற சிஸ்டம்டி ராஜ்ஜியம்தான். க்ரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதி) @ரீபூட் போட்டாலும் வேலை நடக்கும், ஆனால் கமாண்டுகளுக்கு முழு பாத் கொடுங்கள்.

எதை எப்படி ஓட்ட வேண்டும் என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் சர்வீஸ் ஃபைல் எழுதுவது பெரிய வித்தை இல்லை. ஒருமுறை ஓடி முடிகிற ஸ்கிரிப்ட் என்றால் டைப் ஒன்ஷாட், எந்த பூட் நிலையில் ஓட வேண்டும் என்று சொல்லும் இன்ஸ்டால் பகுதியில் மல்டி-யூசர் டார்கெட், அப்புறம் சிஸ்டம்டி புது ஃபைலைப் படிக்க டீமன்-ரீலோட். ஸ்டார்ட் கொடுத்தால் இப்போது மட்டும்தான் ஓடும், அடுத்த பூட்டுக்கு எனேபிள் வேண்டும். இன்ஸ்டால் பகுதியையே எழுதாமல் எனேபிள் கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

ஆளை அலைக்கழிப்பது, ஃபைல்களின் லேபிளைப் பார்த்து அனுமதிக்கும் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸ்தான். ஹோம் டைரக்டரியில் எழுதிய ஸ்கிரிப்டை யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் டைரக்டரிக்கு எம்வி கமாண்டால் நகர்த்துவீர்கள், கையால் ஓட்டினால் சமத்தாக ஓடும், பூட்டில் மட்டும் 203 எக்ஸெக் (ஃபைலை ஓட்ட முடியவில்லை) என்று விழும். எம்வி பழைய லேபிளையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது, லேபிளைத் திருத்தும் ரெஸ்டோர்கான் கொடுத்தால் சரியாகிவிடும். முதல் வரியில் எதைக் கொண்டு ஓட்ட வேண்டும் என்று சொல்லும் ஷெபாங் இல்லாவிட்டாலும் இதே 203 வரும், அதனால் சிஸ்டம் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லைத் திறந்து எது என்று படித்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

பயிற்சிக்கு ரெட்ஹேட்டைப் போன்ற லினக்ஸ்களான அல்மாவோ ராக்கியோ போதும், காசு செலவில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு, கூடவே கரண்ட் கட்டும் உண்டு, யுபிஎஸ் இல்லாத பழைய டெஸ்க்டாப் என்றால் ரீபூட் சோதனையை மின்வாரியமே பார்த்துக்கொள்ளும்!

தேர்வில் இணையம் கிடையாது, மேன் பக்கங்கள் (மெஷினிலேயே இருக்கும் கையேடு) உண்டு. சிஸ்டம்டி.சர்வீஸ் மேன் பக்கத்தில் கீழே இறங்கிப் போனால் ஒன்ஷாட்டுக்கு எடுத்துக்காட்டே இருக்கிறது, மனப்பாடம் செய்யாமல் அதை எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.