ஒரே குடும்பத்துச் சக்கரங்கள்

எங்கள் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்புறம், ஓடைக்கரைப் புல்லுக்குள், பல வருடங்களாக ஒரு பெல்டன் சக்கரம் கிடக்கிறது; விளிம்புக் கிண்ணங்களில் நீர்த்தாரை மோதிச் சுழலும் டர்பைன் அது. கிண்ணங்களின் நடுவே தண்ணீரை இரண்டாகப் பிளக்கும் வரம்பு மணலில் தேய்ந்து மழுங்கிவிட்டது. ஆனால் பித்தளைத் தகட்டைத் துடைத்தால் மூன்று எண்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன: தண்ணீர் விழும் உயரம் 266 அடி, வலு 86 குதிரைவலு, வேகம் நிமிடத்திற்கு 600 சுற்று. தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் என் மருமகன் அவற்றை வைத்து, எந்த வகை டர்பைன் பொருந்தும் என்று காட்டும் தன்வேகம் என்ற எண்ணைக் கணக்கிட்டுவிட்டு, "மாமா, 5.2தான் வருகிறது, ஒற்றைத் தாரைப் பெல்டனுக்கு 10 முதல் 30 வரை என்று குறிப்பில் இருக்கிறதே, தகடு பிழையா?" என்று கேட்டான்.

தகடும் பிழையில்லை, அவன் பெருக்கியதும் பிழையில்லை. வலுவின் வர்க்கமூலத்தைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி, உயரத்தின் ஒன்றேகால் அடுக்கால் வகுத்தால் வருவது தன்வேகம்; அந்த எண் அலகுகளோடு சேர்ந்தே மாறும். குறிப்பில் இருந்தது கிலோவாற்றும் மீற்றரும். தகட்டில் இருப்பது குதிரைவலுவும் அடியும். 266 அடி என்பது 81 மீற்றர், 86 குதிரைவலு என்பது 64 கிலோவாற்று. 81இன் வர்க்கமூலம் 9, அதன் வர்க்கமூலம் 3, அதை 81ஆல் பெருக்கினால் 243. 64இன் வர்க்கமூலமான 8ஐ 600ஆல் பெருக்கினால் 4800. 4800ஐ 243ஆல் வகுக்க 19.8 வருகிறது; பெல்டனுக்கு மிகப் பொருத்தமான எண்.

ஒன்றேகால் எங்கிருந்து வந்தது என்பதை மனப்பாடம் செய்யாமல் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஒத்த டர்பைன்கள் என்றால், பெரிதும் சிறிதுமாக இருந்தாலும், கிண்ணத்தின் வளைவும் கோணங்களும், தாரைக்கும் சக்கரத்துக்கும் உள்ள விகிதமும் மாறாதவை. பாயும் தண்ணீரின் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். விளிம்பின் வேகமும் அதே அளவில் கூட வேண்டுமாதலால், விட்டம் அந்த வர்க்கமூலத்துக்கு நேராகவும் சுற்று எண்ணிக்கைக்கு எதிராகவும் மாறும். வலுவோ விட்டத்தின் வர்க்கம், நீரின் வேகம், உயரம் மூன்றின் பெருக்கத்தோடு கூடுவது. இரண்டையும் சேர்த்து விட்டத்தை நீக்கினால், சுற்றின் வர்க்கத்தை வலுவால் பெருக்கி உயரத்தின் இரண்டரை அடுக்கால் வகுத்த எண் மாறாமல் நிற்கும். அதன் வர்க்கமூலமே நம் தன்வேகம்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். புல்லில் கிடக்கும் சக்கரத்தின் விட்டம் சுமார் 58 சென்ரிமீற்றர். அதே வடிவத்தில், 1 மீற்றர் உயரத்தில் 1 கிலோவாற்று தரும் சக்கரம் செய்தால், அது ஏறக்குறைய 2 மீற்றர் அகலமாகி, நிமிடத்திற்கு 20 முறை மட்டும் அசைந்து சுற்றும். 19.8 சொல்வது அந்தச் சுற்றைத்தான்.

கீழ்ப்பிரிவு ஓடையில் 16 மீற்றர் உயரமும் 25 கிலோவாற்றுக்குப் போதிய தண்ணீரும் உண்டு. பழைய சக்கரத்தின் அதே வடிவத்தையே, அதாவது அதே தன்வேகத்தையே, அங்கே வைத்தால் நிமிடத்திற்கு 126 சுற்றும், ஒன்றேகால் மீற்றர் விட்டமும் வரும். அவ்வளவு மெதுவான சுற்றை ஜெனரேற்றர் ஏற்காது. 1000 சுற்றில் நேரடியாக இணைத்தால் தன்வேகம் 156 ஆகி, சுற்றிலுமிருந்து தண்ணீர் சக்கரத்துக்குள் பாயும் பிரான்சிஸ் வகைக்குள் போகிறோம். பெல்ட் போட்டு 400 சுற்றில் ஓட்டினால் 62 அளவில் வரும். சிறு கிராமத் திட்டங்களில் பழக்கமான, தண்ணீர் உருளைச் சக்கரத்தைக் குறுக்கே கடந்து பாயும் குறுக்குப்பாய்ச்சல் டர்பைன் அதற்குப் போதும். நான் அதையே விரும்புகிறேன், உள்ளூர்ப் பட்டறையில் செய்யலாம்.

உயரம் மட்டும் வகையைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இலங்கையில் நம் மலைகளில் உள்ள நீர்மின் நிலையங்களே சாட்சி. 1950இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்சபானவில் பெல்டன் சக்கரங்கள். தலவாக்கலையில் அணை கட்டப்பட்டு 2012இல் வந்த மேல் கொத்மலையில், 450 மீற்றருக்கும் மேற்பட்ட உயரம் இருந்தும், தலா 75 மெகாவாற்று தரும் இரண்டு பிரான்சிஸ் டர்பைன்கள். ஒரே இயந்திரத்திடம் அத்தனை வலுவைக் கேட்கும்போது வர்க்கமூலம் பெருத்துத் தன்வேகமும் ஏறிவிடுகிறது. அதனாலேயே கணக்கில் இடவேண்டியது நிலையத்தின் மொத்த வலு அல்ல, ஒரு சக்கரத்தின் வலு. பல தாரைகள் உள்ள பெல்டனில் ஒரு தாரையின் பங்கு.

உயரமும் குழாய் உராய்வு போக எஞ்சும் நிகர உயரமாக இருக்க வேண்டும். 266 அடி மொத்த உயரமாக இருந்து, அதில் 10 வீதம் குழாயில் இழந்திருந்தால், 19.8 என்பது 22.5 ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை நானும் மருமகனும் பழைய குழாய்ப்பாதை வழியே நடந்து, வளைவுகளை எண்ணி, உள்விட்டத்தை அளந்துவரப் போகிறோம்.