ஆத்தா இருக்கும் வரைக்கும்

1974-இல் வந்த காட்ஃபாதர் இரண்டாம் பாகத்தை யாராவது ரவுடிப் படம் என்று ஒதுக்கினால் எனக்குக் கோபம் வந்துவிடும். காரைக்குடிப் பக்கம் வளவு வீட்டில், அதாவது முற்றத்தைச் சுற்றி அறைகள் வைத்த பெரிய கூட்டுக் குடும்ப வீட்டில், பங்காளிகளோடு வளர்ந்தவர்களுக்கு அது சொத்துச் சண்டைக் கதை, அவ்வளவுதான், யாரும் விளக்க வேண்டியதில்லை.

கதை ஒரு மாஃபியா குடும்பத்து அண்ணன் தம்பிகளுடையது. மூத்தவன் சானி செத்தபிறகு வரிசைப்படி பிரெடோதான் தலைமைக்கு வரவேண்டும். அவனை விட்டுவிட்டு அப்பா தம்பி மைக்கேலிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறார். அண்ணன்காரனுக்குக் கிடைப்பது விமான நிலையத்துக்குப் போய் ஆள் கூட்டி வரும் வேலை. அந்த வயிற்றெரிச்சலில்தான் எதிரியின் ஆட்களுக்கு உதவுகிறான், தம்பியைக் கொல்லப் பார்ப்பார்கள் என்று தெரியாது என்கிறான். நான் அவனை நம்புகிறேன். எதிரியின் ஆளான ஜானி ஓலாவைத் தெரியவே தெரியாது என்று சொன்னவன் ஹவானாவில் குடிவெறியில் தானாகவே உளறி மாட்டிக்கொள்கிறான், சூது தெரிந்தவன் அப்படியா செய்வான்?

அப்புறம்தான் என்னால் தாங்க முடியாத இடம். அம்மா உயிரோடு இருக்கும்வரை பிரெடோவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று மைக்கேல் தன் ஆளிடம் சொல்லிவைக்கிறான். அம்மா சாகிறாள். அண்ணனை மன்னித்துவிடு என்று தங்கை கெஞ்சுகிறாள், இழவு வீட்டில் மைக்கேல் அண்ணனைக் கட்டிப் பிடிக்கிறான், பிடித்தபடியே அந்த ஆளைப் பார்க்கிறான், இனி முடித்துவிடலாம் என்பதுபோல.

இதை நாங்கள் துப்பாக்கி இல்லாமல் பார்த்திருக்கிறோம். கல்யாணமான மகன் ஒவ்வொருவனும் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு, ஆளுக்கொரு அறை, தனி அடுப்பு, ஆனால் வீடு ஒன்றுதான். முகம் பார்த்துப் பேசாத அண்ணன் தம்பிகள்கூட முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்புக்கு வந்து ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அவர்களைப் பெற்றவள், எங்கள் அப்பத்தா, பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்கிற ஒரே காரணத்துக்காக. அவள் காரியம் முடிந்த கையோடு வக்கீல் வருவார். சில வீடுகளில் பாகம் பிரிக்க முடியாமல் வீட்டையே பிரித்து, பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடும். அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு மைக்கேலின் அந்தப் பார்வைதான் நினைவுக்கு வருகிறது.

எங்கள் பெரியப்பா மகன் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "துரோகம் துரோகம்தான்டா, மைக்கேலுக்கு வேற வழியில்லை" என்பார். சரி, அண்ணே, படம் முடியும் முன் வரும் 1941 காட்சியைப் பாருங்கள். பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன் என்று மைக்கேல் சொன்னதும் சானி குதிக்கிறான், அந்த மேசையில் கைகொடுத்து வாழ்த்துகிறவன் பிரெடோ ஒருவன்தான். அந்தக் கையைத்தான் மைக்கேல் கொன்றான். ஏரி நடுவில், படகில், பிரெடோ ஜெபம் சொல்லிக்கொண்டே தூண்டில் போட்டிருக்கும்போது.

பிரெடோவாக நடித்த ஜான் கசால் மொத்தம் ஐந்தே முழுநீளப் படங்களில் நடித்துவிட்டு 1978-இல் புற்றுநோயில் இறந்துபோனார். ஐந்துமே சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றவை. இந்தப் படத்திலிருந்து மட்டும் துணை நடிகர் பிரிவில் மூன்று பேரைப் பரிந்துரைத்தார்கள், ராபர்ட் டி நீரோ வாங்கவும் செய்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கசால் பெயர் அந்த மூன்றில் இல்லை. அவருக்குக் கடைசிவரை ஒரு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.