காய்த்தோல் எங்கே போகிறது

சென்னை வேளச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் 2020 ஆடிப்பட்டத்திலிருந்து கீரையும் காய்கறியும் வளர்த்து வருகிறேன். மாடித்தோட்டம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, வீட்டுக்கு வேண்டிய காய் முழுவதும் அதில் கிடைத்துவிடுகிறதா என்பதுதான். கிடைப்பதில்லை. ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி உண்ண வேண்டும் என்ற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, நால்வர் உள்ள எங்கள் வீட்டுக்கு வாரத்துக்கு 11 கிலோ வேண்டும். நாற்பது குரோ பேக்குகளிலிருந்து (செடி வளர்க்கும் பைகள்) நல்ல பருவத்தில் எனக்குக் கிடைப்பது வாரத்துக்கு மூன்று கிலோ. அக்கினி நட்சத்திர நாட்களில் நிழல்வலை கட்டியும் வெண்டையும் தண்டுக்கீரையும் மட்டுமே தாக்குப்பிடிக்கின்றன. அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவை இந்தக் கணக்கிலேயே வராதவை.

இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. மாடித்தோட்டங்களால் நகரம் தன் உணவைத் தானே விளைவித்துக்கொள்ளும் என்று பேசுகிறவர்களை நம்பி ஆர்வத்தோடு இறங்கும் பலர், இரண்டு பருவங்களில் மாவுப்பூச்சியையும் காய்ந்த பைகளையும் பார்த்து மனம் வெறுத்து விட்டுவிடுகிறார்கள். நகரத்தால் நெல் விளைவிக்க முடியாது. ஆனால் நெல்லுக்கும் காய்க்கும் வேண்டிய மண்ணை நகரத்தால் உண்டாக்க முடியும், உண்டாக்கவும் வேண்டும் என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் வந்து சேர்ந்திருக்கும் இடம். விளைச்சலை எண்ணித் தொடங்கிய நான், இன்று முதலில் கவனிப்பது சமையலறையிலிருந்து வெளியே போகும் காய்த்தோலைத்தான்.

நான் தொடங்கிய ஆண்டை நினைவுபடுத்துகிறேன். 2020 மே மாதத் தொடக்கத்தில் கொரோனா பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. கொத்தவால் சாவடியிலிருந்து 1996இல் அங்கே இடம்பெயர்ந்த காலம் முதல் நகரத்தின் காய்கறி முழுவதும் ஏறக்குறைய அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. மதனப்பள்ளித் தக்காளி, நாசிக் வெங்காயம், ஊட்டிக் கேரட், ஒட்டன்சத்திரத்து முருங்கை எல்லாம் இரவில் லாரிகளில் வந்திறங்கி, விடியுமுன் தெருக்கடைகளுக்குப் பிரிந்து போகும். வாசல் அடைபட்டதும், திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறக்கும் வரையில், எங்கள் தெருவில் வண்டி தள்ளி வந்தவர்களின் விலையை யாராலும் கட்டுப்படுத்த முடியவில்லை. ஒரு பெருநகரம் ஒற்றை வாசலை நம்பி உண்கிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அந்த அச்சமே என்னை விதை வாங்க வைத்தது.

அடுத்த ஆண்டு தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தந்த மாடித்தோட்டத் தளையை, அதாவது தேவையான பொருள்கள் அடங்கிய தொகுப்பை, வாங்கினேன். ஆறு பைகள், இரண்டு கிலோ தென்னைநார்க் கழிவுக் கட்டிகள் ஆறு, விதைகள், உயிர் உரங்களான அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, வேப்பெண்ணெய் மருந்து என எல்லாம் அதில் இருந்தன. தென்னைநார்க் கழிவு ஏன் என்பதைக் கட்டடத்தில் பலருக்கு விளக்க வேண்டியிருந்தது. ஈரமண் ஒரு கன அடி 45 கிலோவுக்கு மேல் எடை காட்டும்; அதை நாற்பது பைகளில் நிரப்பி மாடியில் வைத்தால் தளத்துக்கு நல்லதல்ல. நார்க்கழிவு எடை குறைந்தது, தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைப்பது. ஆனால் அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியாமல் போட்டால் நாற்றின் இலைநுனி கருகும். இன்னொரு குறையும் அதற்கு உண்டு: அதில் உணவென்று சொல்ல ஏதும் இல்லை. ஒரு பருவம் முடிந்ததும் பை வெறும் பஞ்சாகிவிடும். தொடர்ந்து உரம் போட்டால்தான் அது மண்ணாகும். அந்த உரத்தைக் கிலோக் கணக்கில் கடையில் வாங்கிக்கொண்டிருந்தபோதுதான், வீட்டில் நாள்தோறும் முக்கால் கிலோ காய்த்தோலைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு அதே பொருளின் மக்கிய வடிவத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பது எனக்கு உறைத்தது.

முதல் முயற்சி மோசமாக முடிந்தது. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் காய்த்தோலையும் மீந்த சாதத்தையும் போட்டு மூடிவைத்தேன். பத்தாம் நாள் புழு நெளிந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் வாடை தாங்காமல் மேலே ஏறி வந்தார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாளியைக் கழுவினேன். தவறு எங்கே என்பது பிறகுதான் புரிந்தது. சமையலறைக் கழிவில் ஈரமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மிகுதி, கரிச்சத்து (கார்பன்) குறைவு. மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிச்சத்து ஏறத்தாழ முப்பது பங்கு வேண்டும். அந்தக் கரிச்சத்து காய்ந்த இலையில் இருக்கிறது. ஒரு கை காய்த்தோலுக்கு இரண்டு கை சருகு என்ற அளவில் அடுக்கடுக்காகப் போட்டு, ஒரு பிடி பழைய உரத்தைத் தூவி, வாரம் ஒருமுறை கிளறிக் காற்றோட்டம் தந்தால் வாடையே வராது. குவியல் நன்றாக அமைந்தால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும். கையை வைத்தால் காலை நேரத்திலும் அடுப்பங்கரைச் சுவர் போல் இருக்கும். அந்தச் சூட்டில் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் மடிகின்றன. இரண்டு மாதத்தில் அது மழை பெய்த மண்ணின் மணம் வீசும் கரிய தூளாகிறது. மாதம் 22 கிலோ கழிவு போட்டால் ஐந்து, ஆறு கிலோ உரம். அதை இட்ட பைகளில் முளைக்கீரை இருபத்தைந்து நாளில் அறுவடைக்கு வருகிறது.

எங்கள் மாடியில் நின்றால், கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் காற்று வீசும் மாலைகளில் சில நேரம் பெருங்குடிக் குப்பைக் கிடங்கின் வாடை வரும். சென்னை நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்க்கிறது. அதில் ஏறத்தாழ பாதி மக்கக்கூடியது. காற்றுப் புகாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும் அந்த மக்கும் குப்பை எளிதில் தீப்பற்றும் மீத்தேன் வாயுவாக மாறுகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்தபோது நாங்கள் சன்னல்களை அடைத்துக்கொண்டு இருந்தோம். எரிந்ததில் நான் முந்தைய ஆண்டுகளில் வண்டியில் போட்ட காய்த்தோலின் பங்கும் இருக்கும் என்ற எண்ணம் அன்று என்னை விட்டு அகலவில்லை.

அந்தக் கிடங்கு நிற்கும் இடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். ஒருகாலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்த நீர்நிலம் அது; 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றபோது கணக்கில் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர். நகரம் தன் கழிவை எடுத்துச் சென்று தன்னைக் காக்கும் சதுப்பின் மேலேயே கொட்டியது. இதற்கு நேர் எதிரான ஒன்றைச் செய்த நகரமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. அதை நேரில் காணும் வாய்ப்பு உறவினர் வீட்டுத் திருமணத்துக்குக் கொல்கத்தா சென்றபோது கிடைத்தது.

கொல்கத்தாவின் கழிவுநீர் கால்வாய்கள் வழியே கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்புநிலத்துக்குப் போகிறது. அங்கே 'பேரி' என்று அழைக்கப்படும், இடுப்பளவு ஆழமே உள்ள அகன்ற குளங்களில் அதைத் தேக்குகிறார்கள். சில வாரங்கள் வெயிலில் விட்டால் நீரில் பாசி தழைக்கிறது. பாசி வெளியிடும் ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. சிதைந்த சத்து மறுபடியும் பாசியை வளர்க்கிறது. அந்தப் பாசியையும் நுண்ணுயிரிகளையும் உண்டு ரோகு, கட்லா, மிர்கால் மீன்கள் வளர்கின்றன. கரை அரிக்காமலிருக்க ஓரங்களில் ஆகாயத்தாமரையை மூங்கில் கட்டி நிறுத்துகிறார்கள். நம் ஊரில் நாம் சாபமென்று அகற்றும் செடிக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. குளத்திலிருந்து வெளியேறும் நீர் நெல் வயலுக்கும், அருகிலுள்ள தாப்பா பகுதியின் காய்கறிப் பாத்திகளுக்கும் போகிறது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட மீன் இவ்வாறு நகரத்துக்கே திரும்பி வருகிறது.

இதைத் திட்டமிட்டுக் கட்டியவர் எவரும் இல்லை. வித்யாதரி ஆறு மண்மேடிட்டு வற்றிய பின், 1930 வாக்கில் மீனவர்களும் குத்தகைதாரர்களும் கழிவுநீரைப் பயன்படுத்தப் பழகிக்கொண்டார்கள். 1980களில் மேற்கு வங்க அரசின் பொறியாளராக இருந்த துருபஜோதி கோஷ், இவ்வளவு பெரிய நகரத்தின் கழிவுநீர் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டு போய்த்தான் இதைக் கண்டு உலகுக்கு எடுத்துச் சொன்னார். 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அங்கே கட்டடம் எழுப்பத் தடை விதித்தது. 2002இல் அது ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குறைகள் உண்டு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கலந்தால் கன உலோகங்கள் மீனில் ஏறும் என்ற கவலை அங்குள்ளவர்களுக்கே இருக்கிறது. வீட்டுமனைகளின் நெருக்கடி ஓயவில்லை. ஆனாலும் கரையில் நின்று மீன் கூடைகள் வண்டியேறுவதைப் பார்த்தபோது, நகரத்தின் உணவு என்பது வரும் வழியும் போகும் வழியும் ஒன்றாக இணைந்த வட்டம் என்பது கண்ணெதிரே தெரிந்தது.

பள்ளிக்கரணையில் மீன் வளர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த நிலம் முதலில் தன்னளவில் உயிரோடு இருக்க விட வேண்டும். சென்னைக்கு உரிய வட்டம் வேறு. திருவள்ளூரிலும் செங்கல்பட்டிலும் இன்றும் நகரத்துக்குக் கீரை விளைவிக்கும் உழவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மண்ணுக்கு நகரத்தின் மக்கிய உரம் திரும்பிப் போக வேண்டும். நகர உரம் என்றாலே அவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. கலந்த குப்பையிலிருந்து செய்த உரத்தில் கண்ணாடிச் சில்லும் பேட்டரித் துண்டும் வரும். வெறுங்காலோடு வயலில் இறங்குபவர் அதை ஏன் வாங்க வேண்டும்? குப்பையை வீட்டிலேயே தரம்பிரிக்க வேண்டுமென 2016 திடக்கழிவு விதிகள் சொன்னது, தூய்மையைப் பற்றியது என்று மட்டும் நினைத்திருந்தேன். அது வேளாண்மை பற்றியதும்கூட. என் வீட்டு வாளியில் ஒரு பிளாஸ்டிக் உறை விழாமல் இருப்பதும், ஓர் உழவர் காலில் கண்ணாடி குத்தாமல் இருப்பதும் ஒரே செயலின் இரண்டு முனைகள்.

எங்கள் தெருவில் புங்கமரமும் தூங்குமூஞ்சி மரமும் நிறைய. அவற்றின் சருகைக் கூட்டிக் குவித்துத் தெருமுனையில் எரிப்பதே முன்பு வழக்கமாக இருந்தது. தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் எனக்குச் சருகு வேண்டும் என்று சொன்ன நாள் முதல், வாரம் இரண்டு சாக்கு எங்கள் வாசலுக்கு வருகிறது. அவர் வீட்டுக்கு அரைக்கீரைக் கட்டும் புதினாவும் போகின்றன. கட்டடத்தின் ஒன்பது வீடுகளில் நான்கு, காய்த்தோலைத் தனியாகச் சேர்த்து மாடிக்குக் கொண்டுவந்து தருகின்றன. முன்பு வாடை தாங்காமல் ஏறி வந்த கீழ்வீடும் அவற்றுள் ஒன்று. மாடியில் இனி இடமில்லை. தரைத்தளத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சும்மா கிடக்கும் ஆறடி மூலையில் செங்கல் தொட்டி கட்ட அனுமதி கேட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமைக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நீர்க்கசிவு பற்றிக் கேட்பார்கள், எலி பற்றிக் கேட்பார்கள். காட்டுவதற்கு ஒரு டப்பாவில் சென்ற மாதத்து உரத்தை எடுத்துச் செல்கிறேன்.