ஏழாம் குப்பி

ஜனவரி 9
கடலில் பாக்டீரியா எஃகை எப்படி அரிக்கிறது என்று பார்க்கப் பன்னிரண்டு குப்பி, பன்னிரண்டு எஃகுத் தகடு. ஒன்று முதல் ஆறு வரை ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்கிய கடல்நீர். மற்றதில் கடல்நீர் அப்படியே, கூடவே ஒரு சொட்டுக் கடற்சேறு. நைட்ரஜன் ஊதி ஆக்சிஜனை விரட்டி மூடியாயிற்று.

ஜனவரி 13
ஒன்றுமில்லை.

ஜனவரி 21
ஏழில் மட்டும் தகட்டின் ஓரம் லேசாகச் சாம்பல் பூத்திருக்கிறது. டார்ச் அடித்து மூன்று தடவை பார்த்தேன்.

ஜனவரி 28
கருத்துவிட்டது! கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. நமக்கு ஆக்சிஜன் எப்படியோ, சேற்றில் இருக்கும் பாக்டீரியாவுக்கு அந்தச் சல்பேட். மூச்சாக வெளிவரும் ஹைட்ரஜன் சல்பைடு இரும்போடு சேர்ந்துதான் இந்தக் கருப்பு.

பிப்ரவரி 3
தூக்கமில்லை. இரும்பின் மேல் உருவாகும் ஹைட்ரஜனை பாக்டீரியா தின்றுவிடுகிறது, அதனால்தான் அரிப்பு நிற்காமல் ஓடுகிறது என்று 1934-இல் சொன்னார்கள். எழுபது வருஷம் கழித்து, 2004-இல், சில இனங்கள் ஹைட்ரஜனுக்குக் காத்திருப்பதே இல்லை, இரும்பிலிருந்து நேராக எலக்ட்ரானை உறிஞ்சுகின்றன என்று சான்று வந்தது. ஏழில் இருப்பது எது? இரண்டும் கலந்தா? ஒரு நுண்ணுயிர் உலோகத்தையே உறிஞ்சி உயிர் வாழ்வதை நினைத்தால் பயமும் வருகிறது, மரியாதையும் வருகிறது.

பிப்ரவரி 4
கையில் இன்னும் ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம்.

பிப்ரவரி 12
துறைமுகத்திலிருந்து படங்கள் வந்தன. வற்றுநீர் மட்டத்தை ஒட்டி எஃகுச் சுவரில் ஆரஞ்சுத் திட்டுகள். துடைத்தால் கருஞ்சேறு, அதற்கும் கீழே பளபளவென்று எஃகு. அந்தப் பளபளப்புதான் வயிற்றைக் கலக்குகிறது. இந்த வகை அரிப்பு வருஷத்துக்கு அரை மில்லிமீட்டருக்கு மேலேயே தின்னும்.

பிப்ரவரி 19
ஏழைத் திறந்தேன். கருப்பைக் கரைக்கத் தகட்டை அமிலத்தில் விட்டதும் அறை முழுக்க அதே நாற்றம். எடை பெரிதாகக் குறையவில்லை, ஒரு நிமிஷம் மனசு விட்டுப்போனது. அப்புறம் லென்ஸ் வைத்தேன். நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரே ஒரு குழி, உள்ளே சுத்தமான வெள்ளி நிறம். சரிதான். கருப்புப் படலம் முழுதாக இருக்கும்வரை அதுவே ஓரளவு காவல். எங்காவது கிழிந்தால், சுற்றியுள்ள கருப்பெல்லாம் கேதோடு, அதாவது எலக்ட்ரானை வாங்கும் பக்கம்; கிழிந்த புள்ளி மட்டும் ஆனோடு, எலக்ட்ரானைக் கொடுத்துக் கரையும் பக்கம். அத்தனை பசிக்கும் அந்த ஒரு புள்ளிதான் தீனி. எடையை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

பிப்ரவரி 20
இரண்டாம் குப்பியில், தகட்டின் ஓரத்தில், சாம்பல். கிருமி நீக்கிய குப்பி. மூடியை நான்தான் இறுக்கினேன்.