பெரியம்மாவின் கையெழுத்து மட்டும் போதாதாம்

போன வருஷம் கொழும்பு வெள்ளவத்தையில், காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசின் முன்னறையில் பெரியம்மாவோடு இருந்தேன். ஊரில் அவவுக்கு நாலு பரப்புக் காணி, அம்மம்மா கொடுத்த சீதனம். முழங்கால் ஒப்பரேஷனுக்காக விற்க வேண்டியிருந்தது. உறுதியைப் புரட்டிக்கொண்டு வந்த நொத்தாரிசு பேனையை மூடினார்.

"உங்கட புருஷன்ர கையெழுத்தும் வேணுமே அம்மா."

"அவர் விட்டிட்டுப் போய் இருபத்தாறு வருஷம், தம்பி. எங்க இருக்கிறாரெண்டே தெரியாது."

பெரியம்மா உறுதியை மடித்து, அது சுற்றி வந்த பழைய சேலைத் துண்டுக்குள் திரும்ப வைத்தா. முடிச்சுப் போட அவவுக்கு நேரமெடுத்தது.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். பெரியப்பா தன் முதுசத்தை, அதாவது பரம்பரையாக வந்த சொத்தை, விற்க இவவிடம் கேட்கத் தேவையில்லை.

இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லாரும் சட்டத்தின் முன் சமம் என்கிறதே, நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். நானும் புதுக்கடை நீதிமன்றங்களில் கறுப்புக் கோட்டோடு திரிகிறவள்தான். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் அதே அத்தியாயத்தில் 16(1) இருக்கிறது: அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டம் அடிப்படை உரிமையோடு முரண்பட்டாலும் செல்லும். 80(3) மற்றக் கதவையும் பூட்டுகிறது. சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறி ஒரு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் கேட்டால் உண்டு. சட்டமான பிறகு எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியை விசாரிக்க முடியாது. 1911இல் யார் போய்க் கேட்பது? பெண்களுக்கு வாக்குரிமை வந்ததே 1931இல்.

இந்திய அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைக்கு முரணான பழைய சட்டத்தை அந்த முரண்பாட்டின் அளவுக்குச் செல்லாததாக்குகிறது. நமக்கும் அதுதான் வேண்டும்: 16(1) போக வேண்டும், நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றம் பரிசீலிக்க வேண்டும்.

நம் ஆட்களே என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள், தேசவழமையில் கைவைக்கிறாய் என்று. தாயின் சீதனம் மகளுக்கு வருகிற வழமையை நான் பெருமையாகவே நினைக்கிறேன். வந்த காணியை அவள் ஆளவும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் அவருக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றம் சம்மதம் தரலாம். அதற்கு ஏழு மாதம் போனது. ஒவ்வொரு தவணையிலும் புருஷன் எப்போது போனார், ஏன் போனார் என்று பெரியம்மா அந்நியர் முன் சொன்னா. இப்போது விற்பனை உறுதியில், பெரியப்பாவின் சம்மதம் வரவேண்டிய இடத்தில் நீதிமன்றக் கட்டளையின் இலக்கம் இருக்கிறது.