ஏற்காட்டில் மழை பிடித்துக்கொண்டால்

கார்த்திகை மழையில் ஏற்காடு போகிறீர்களா? லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பார்க்கும் ஆசையை அடிவாரத்திலேயே இறக்கி வைத்துவிடுங்கள். பஞ்சு மூட்டைக்குள் தலையை விட்ட மாதிரிதான் இருக்கும். பகோடா பாயிண்ட்டும் அப்படித்தான்.

ஸ்காட்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் மழை வந்தால் விஸ்கி வடிசாலைக்குள் நுழைந்துகொள்வார்கள். ஏற்காட்டில் அதற்கு ஈடு காபி எஸ்டேட்டின் பல்பர் ஹவுஸ், அதாவது பறித்த பழத்தின் தோலை மெஷினில் உரிக்கிற இடம். அங்கே பார்லி, இங்கே காபிப் பழம். நொதிக்கிற வாடை இரண்டு இடத்திலும் உண்டு. இங்கே விளைகிற அரபிகா ரகக் காபியின் பறிப்பு நவம்பரில் சூடுபிடிக்கும் என்பதால் மழையும் வேலையும் சேர்ந்தேதான் வரும்.

பல்பரைக் காலையில் போய்ப் பார்த்துப் பயனில்லை. பகலெல்லாம் பறித்து, எடை போட்ட பிறகுதான் அது ஓடும். நாலு மணிக்கு மேல் போங்கள். முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா எஸ்டேட்டிலும் உள்ளே விடமாட்டார்கள்.

பழத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் சொத்தை மிதக்கும், அது தனியே போகும். மூழ்கியது பல்பருக்கு. உருளைக்கும் தட்டுக்கும் நடுவில் விடுகிற இடைவெளியில்தான் சூட்சுமம் முழுக்க. நெருங்கினால் கொட்டை வெட்டுப்படும், விலகினால் சின்னப் பழம் உரியாமல் நழுவிவிடும். பறித்த அன்றைக்கே உரித்தாக வேண்டும். மூட்டையிலேயே ராத்தங்கிய பழம் சூடேறிப் புளித்துவிடும்.

உரித்த கொட்டையின் மேல் வழுவழுவென்று ஒரு பசை இருக்கும். அது கரைய, தொட்டியில் 24 முதல் 36 மணி நேரம் போட்டு வைப்பார்கள். குளிர் கூடினால் இன்னும் இழுக்கும். இங்கே கடிகாரத்தைவிடக் கைதான் நம்பகம்: ஒரு பிடி எடுத்துக் கழுவித் தேய்த்தால் கூழாங்கல் மாதிரி நெருட வேண்டும். அந்தப் பதத்தைத் தவறவிட்டால் புளிப்பு கொட்டைக்குள்ளேயே இறங்கிவிடும். அப்புறம் எப்படி வறுத்தாலும் போகாது.

மழை படுத்துகிற பாடு களத்தில்தான் தெரியும். கழுவி எடுத்த, மெல்லிய ஓடு இன்னும் போகாத கொட்டைக்குப் பார்ச்மெண்ட் என்று பெயர். அதில் பாதிக்குப் பாதி ஈரம். அது 10 சதவீதத்துக்கு வர, நல்ல வெயிலிலேயே ஒரு வாரம் பத்து நாள் ஆகும். தார்பாய் போட்டு மூடியே வைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மூடாவிட்டால் நனைந்து கொட்டை வெளுக்கும். அதனால்தான் தூறல் விட்ட பத்து நிமிடத்துக்குக்கூட ஓடிவந்து பிரித்துக் கிளறிவிடுகிறார்கள். செடியில் நிற்கிற பழமும் தப்பாது, கனமழையில் வெடித்து உதிரும். ஒரு கிலோ கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

காலைப் பொழுதுக்கு ஹோலி டிரினிட்டி சர்ச். 1863-ல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுக்கல் அங்கே இருக்கிறது. ஓய்வுக்காலத்தில் அவர் ஏற்காட்டுவாசி. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். அவரும் 1882-ல் இந்த ஊரில்தான் காலமானார். பெயர்ப்பலகை பார்த்துப் படம் எடுக்கிற கூட்டம் இதையெல்லாம் எட்டிப் பார்ப்பதில்லை. காபியை 1820-களில் இங்கே கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன். அவருடைய கிரேஞ்ச் எஸ்டேட் தனியார் இடம், வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. நேரம் மிஞ்சினால் சேர்வராயன் கோயில். குகைக்குள் சாமி, குனிந்துதான் போக வேண்டும். மேலே மரமில்லாத வெட்டவெளி, காற்று குடையைப் புரட்டிப் போட்டுவிடும். ரெயின்கோட்தான் சரி.

காபி வாங்குவதென்றால் தூளாக வாங்காதீர்கள், கொட்டையாகக் கேளுங்கள். பிளான்டேஷன் ஏ என்றால் இப்படிக் கழுவிக் காயவைத்த பெரிய கொட்டை. செர்ரி என்றால் பழத்தோடு காயவைத்தது. வறுக்காத கொட்டையைக் கையில் கொட்டிப் பாருங்கள். நிறம் சீராக இருக்க வேண்டும். அங்கங்கே திட்டுத்திட்டாக வெளுத்திருந்தால் களத்தில் நனைந்த சரக்கு. வறுக்கும்போது ஒன்று கருகும், இன்னொன்று வேகாது.

இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது கியர், மூடுபனியில் லோ பீம். ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தால் குப்பனூர் வழி இருக்கிறது, ஆனால் அதுவும் திறந்திருக்கிறதா என்று மேலேயே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.